எறும்பு தூக்குவதும் குடிப்பதும்

2009-ல் எங்க தோட்டத்துக் குச்சிக்கிழங்குச் செடிகளில் எறும்பு சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தது. "எறும்பு சும்மா ஏறாது கண்ணு, எலையத் திருப்பிப் பாரு" என்றார் அப்பா. திருப்பினால், அடியில் பஞ்சு ஒட்டிவைத்த மாதிரி மாவுப்பூச்சி. எறும்பு அதைத் தின்னவில்லை. அதன் பின்பக்கம் வரும் இனிப்புச் சொட்டை மீசையால் தட்டித் தட்டி வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தது.

கொங்கு விவசாயிக்கு இது ஒன்றும் கண்டுபிடிப்பு இல்லை. பருத்தியில் அசுவினி விழுந்தாலும் எறும்பு வரும். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தபோது, மேல் மட்டையிலிருந்து சொட்டிய அதே இனிப்பில் பூசணம் பிடித்துக் கீழ் மட்டையெல்லாம் கறுத்துக் கிடந்ததைப் பார்க்காதவர் அங்கே குறைவு. செடியின் சாறு, சாறு உறிஞ்சும் பூச்சி வழியாக எறும்பின் வயிற்றுக்குப் போகிறது. தோட்டத்தில் ஒரு நிமிடத்தில் தெரிகிற இந்தக் கணக்கை மழைக்காட்டில் நிறுவ அறிவியலுக்கு 2003 வரை ஆனது. ஏன் அவ்வளவு நாள் ஆச்சு என்பதுதான் இந்தக் குறிப்பு.

எறும்பு எதைத் தின்கிறது என்ற கேள்விக்கு ரொம்ப காலம் ஒரே வழிதான் இருந்தது: புற்று வாசலில் உட்கார்ந்து, வாயில் எதைத் தூக்கி வருகிறது என்று பார்ப்பது. அந்த வழியில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. எறும்பு தானியம் சேர்க்கும் என்று பழைய நூல்கள் சொன்னதை ஐரோப்பிய அறிஞர்கள் பலர் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட்டார்கள். அவர்கள் ஊர்க் குளிரில் இருக்கிற எறும்புகள் சேர்ப்பதில்லை, அதனால் எங்கேயும் சேர்ப்பதில்லை என்ற முடிவு! 1830-களில் புனேயில் கர்னல் சைக்ஸ், மழை நின்றதும் எறும்புகள் நனைந்த புல்விதைகளை வெளியே கொண்டுவந்து காயவைப்பதைப் பார்த்து எழுதினார். கம்பெனி மருத்துவர் டி. சி. ஜெர்டன் 1851-ல் தென்னிந்திய எறும்புகளுக்கு ஒரு பட்டியலே போட்டார்; மெட்ராஸ் ஜர்னலில் வந்தது. எட்டித் தாவி இரை பிடிக்கும் எறும்பை விவரித்துப் பெயரிட்டவர் அவர்தான். விதை சேர்க்கும் எறும்புகளையும் அவர் குறித்திருக்கிறார். பிறகு 1873-ல் மாக்ரிட்ஜ் தெற்கு பிரான்ஸில் அதையே நேரில் பார்த்து எழுதிய பிறகுதான் ஐரோப்பாவில் சந்தேகம் தீர்ந்தது. நம்ம ஊர்க் களத்துமேட்டில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள், அது வேற கதை.

ஆனால் இந்த முறையில் ஒரு ஓட்டை. வாயில் தூக்குவது தெரியும், குடித்தது தெரியாது. வெட்டுக்கிளிக் காலைத் தூக்கிக்கொண்டு போகிற எறும்பை ஒருமுறை பார்த்தாலும் மனசில் நிற்கிறது. வயிறு நிறையச் சர்க்கரைத் தண்ணீரோடு இறங்கி வருகிற ஆயிரம் எறும்பு வெறுங்கையோடு போகிற மாதிரிதான் தெரியும். இப்படித்தான் எறும்பு என்றால் வேட்டைக்காரன், பிணந்தின்னி என்ற எண்ணம் நிலைத்தது.

இந்த எண்ணத்துக்கு அடி விழுந்தது 1970, 80-களில். டெர்ரி எர்வின் பனாமாவிலும் அமேசானிலும் உயரமான மரங்களின் உச்சிக்குப் பூச்சிமருந்துப் புகை அடித்து, விழுவதைக் கீழே விரிப்பில் பிடித்து எண்ணினார். மற்றவர்களும் தொடர்ந்தார்கள். மழைக்காட்டின் உச்சியில் கொட்டியது பெரும்பாலும் எறும்பு. இது எப்படிச் சரியாக வரும்? வால்பாறைக் காட்டில் மான் பத்தும் புலி நூறும் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்புவீங்களா? எறும்பு வேட்டைக்காரன் என்றால் அதற்கு இரை எங்கே? எறும்புகளில் பெரும்பகுதி மறைமுகமாகச் செடியைத்தான் தின்கிறது என்று ஜான் டோபின் போன்றவர்கள் 1990-களில் வாதாடினார்கள். சாட்சி மட்டும் இல்லை.

சாட்சி எறும்பின் உடம்பிலேயே இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஐசோடோப்பு என்று படித்திருப்போம். கார்பனில் எடை 12, 13. நைட்ரஜனில் 14, 15. இவை கதிர்வீசிச் சிதையாதவை, அதனால் நிலையானவை. கனமானவை மிகக் கொஞ்சம்: கார்பனில் நூற்றுக்கு ஒன்று, நைட்ரஜனில் ஆயிரத்துக்கு நாலு கூட வராது.

கார்பன் எந்த வகைச் செடி என்று சொல்லும். சோளம், கம்பு, ராகி, கரும்பு, வெயில் நிலத்துப் புல் இவையெல்லாம் ஒரு விதமாகக் காற்றிலிருந்து கார்பனை எடுக்கின்றன. நெல், கோதுமை, மரங்கள் வேறு விதமாக. முதல் வகையில் 13 கொஞ்சம் தூக்கலாக இருக்கும். கம்பங்கூழும் சோளச்சோறும் தின்ற எங்க அப்பாரு தலைமுறையின் முடியை இப்போது எடுத்து எரித்துப் பார்க்க முடிந்தால், ரேஷன் அரிசியில் வளர்ந்த என் முடியிலிருந்து தனியாகத் தெரியும். இதே வழியில்தான் சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன மலைப் பகுதி யானைகளைப் பற்றி ராமன் சுகுமார் 1980-களில் கேட்டார். கள ஆய்வில் யானை மழைக்காலத்தில் புல்லை நன்றாக மேய்வதைப் பார்த்திருந்தார். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தாரோடு சேர்ந்து எலும்பின் கொலாஜனை அளந்தபோது, அதில் புல்லைவிட மரம், செடிகளின் பங்கு அதிகமாக வந்தது. கண்ணால் பார்த்தது பொய் இல்லை. தின்றது ஒன்று, உடம்பாக நின்றது ஒன்று.

நைட்ரஜன் வேறொன்றைச் சொல்லும்: யார் யாரைத் தின்றார்கள் என்ற படிக்கட்டில் நீ எத்தனாவது படி. விலங்குகள் லேசான நைட்ரஜனைக் கழிவில் சற்று அதிகமாக வெளியேற்றுவதால் கனமானது உடம்பில் தங்குகிறது. ஒவ்வொரு படிக்கும் தோராயமாக ஆயிரத்தில் மூன்று பங்கு ஏறும். எறும்பைப் பிடித்து, உலர்த்தி, பொடித்து (வயிற்றுப் பகுதியைப் பெரும்பாலும் கிள்ளிவிடுவார்கள், நேற்றுத் தின்றது கணக்கைக் கெடுக்கும்), மில்லிகிராம் அளவு எடுத்துச் சின்ன வெள்ளீயக் குப்பியில் மடித்து எரித்தால், வாயுவை நிறை நிரல்மானி அளந்துவிடும்.

டயான் டேவிட்சன் குழு அமேசானிலும் போர்னியோவிலும் இப்படி அளந்து 2003-ல் சயின்ஸ் இதழில் வெளியிட்டது. மர உச்சி எறும்புகளில் பல இனங்கள், சிலந்தி போன்ற வேட்டைக்காரர்களின் படியில் இல்லை. இலைதின்னிப் பூச்சிகளின் படியில் நின்றன. அதே வருடம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மழைக்காட்டில் ப்ளூத்கனும் கூட்டாளிகளும் பார்த்ததில், ஒரே காட்டு எறும்புகள் தேன் குடிப்பதிலிருந்து முழு வேட்டை வரை படிக்கட்டு முழுக்கப் பரவியிருந்தன. ஆக எல்லா எறும்பும் சைவம் இல்லை. கூட்டம் கூட்டமாக இருப்பவை சைவத்துக்குக் கிட்டே. புரதமே இல்லாத சர்க்கரைத் தண்ணீரில் எப்படி உடம்பு வளர்க்கிறது? நம்ம கட்டெறும்பு இனத்தின் உடம்புக்குள் ஒரு பாக்டீரியா இருக்கிறது. கழிவு நைட்ரஜனைத் திரும்ப எடுத்து அமினோ அமிலமாக்கித் தருகிறது. எரு சேமிப்பு மாதிரி.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த எண் படியைத்தான் சொல்லும், பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்று சொல்லாது. மண்ணுக்கு மண் அடிப்படை எண்ணும் மாறும். அதே இடத்து இலையையும் அளக்காமல் எறும்பை மட்டும் அளந்தால் வீண். இப்படி எழுதாமல் விடுகிற கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இதே கருவி எறும்பு விஷயத்தில் வேறு வழக்கைத் தீர்த்தது. ஹம்போல்ட்டியா என்றொரு சிறு மரம். சில மரங்களின் கிளைக் கணுக்களுக்கு இடையே உப்பிய பொந்துகள். அதில் காவல் காக்கும் எறும்பும் உண்டு, காவலே காக்காமல் ஓசியில் குடியிருப்பவையும் உண்டு. மரத்தில் ஏறி வாழும் ஒரு மண்புழு கூட இருக்கிறது! ஓசிக்காரர்களை மரம் ஏன் பொறுத்துக்கொள்கிறது? பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ரெனி போர்ஜஸ் குழு நைட்ரஜன் ஐசோடோப்பால் பின்தொடர்ந்தது. 2014-ல் வந்த விடை: குடியிருப்பவர்களின் கழிவிலிருந்து மரத்துக்கு நைட்ரஜன் போகிறது. வாடகை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதெல்லாம் ஆய்வகச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 2022-ல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் கரந்தமலையில் மஞ்சள் பைத்திய எறும்பு பெருகி, மாடு ஆடுகளைப் பாதித்து, மக்கள் குடியிருப்பை விட்டு இறங்கியதாகச் செய்தி வந்தது. படித்ததும் எனக்கு எழுந்த முதல் கேள்வி, அங்கே அது என்ன குடிக்கிறது என்பதுதான். இந்தியப் பெருங்கடலில் கிறிஸ்துமஸ் தீவில் இதே எறும்பு கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்றது. ஹெலிகாப்டரில் போய் விஷத்தீனி போட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அதன் பெருக்கத்துக்குப் பின்னால் மரங்களில் ஒட்டியிருந்த ஒரு செதில்பூச்சியின் இனிப்பு இருந்தது. 2016 டிசம்பரில் ஆஸ்திரேலியர்கள் எறும்பை விட்டுவிட்டு, அந்தச் செதில்பூச்சிக்குள் முட்டையிடும் குட்டிக் குளவியை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள்.

நம்ம ஊருக்கு அது புதுசு இல்லை. கோவையில் 2008-ல் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சிக்கு 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் வந்தன. வேளாண் பல்கலைக்கழகம் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. அதற்கு முன்பு நாங்கள் எறும்புக்கு மருந்துத் தூள் போட்டுப் பார்த்திருந்தோம். நாலு நாளில் திரும்ப ஏறியது. குளவி வந்த பிறகு ஒரு காலையில் அப்பா குச்சிக்கிழங்குக் காட்டிலிருந்து வந்து சொன்னார், "எறும்பு எறங்கிருச்சு."