மணலுக்காக ஒரு மௌனம்

எங்க ஊர் தேவாரத்தில் நின்று மேற்கே பார்த்தால் தெரியும் மலை உச்சிதான் மாநில எல்லை. அந்தப் பக்கம் உடும்பன்சோலை, ஏலத்தோட்டங்கள். இந்தப் பக்கத்து ஆட்கள் ஜீப்பில் போடிமெட்டு, கம்பம்மெட்டு என்று சுற்றி வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். சாக்கலூத்து மெட்டு வழியாக நேராக ஒரு ரோடு போடுங்கள் என்பது ஊரின் பல காலத்துக் கோரிக்கை. அந்தக் கோட்டைத் தாண்ட பாஸ்போர்ட் வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரிப்போம். 1947 ஜூன் மாதத்தில் அது சிரிக்கிற விஷயமாக இல்லை.

அந்த மாதம் 11ஆம் தேதி திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் ஓர் அறிவிப்பு செய்தார். பிரிட்டிஷ்காரன் போன பிறகு திருவிதாங்கூர் இந்தியாவிலும் சேராது, பாகிஸ்தானிலும் சேராது. தனி நாடாக இருக்கும். மறுநாளே ஹைதராபாத்தும் அதே தொனியில் பேசியது. நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது ஹைதராபாத்தையும் காஷ்மீரையும்தான். முதலில் வாய் திறந்தது நம்ம மலைக்கு அடுத்த பக்கம் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக்கூட எனக்கு நினைவில் இல்லை.

சி.பி.யை வெறும் அதிகார வெறியர் என்று ஒதுக்கிவிட முடியாது. மெட்ராஸில் பெரிய வக்கீல், சட்டம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. சட்டப்படி அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. 1805 ஒப்பந்தப்படி திருவிதாங்கூர் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். பதிலுக்குக் கம்பெனி பாதுகாப்பு தரும். 1946 மே மாதம் கேபினட் மிஷன் தெளிவாகச் சொல்லிவிட்டது: வெள்ளையர் வெளியேறும்போது சமஸ்தானங்கள் மீது அவர்களுக்கிருந்த மேலாதிக்கம் யாருக்கும் கைமாறாது, காலாவதியாகிவிடும். அப்படியானால் அதிகாரம் திரும்ப மகாராஜாவிடம்தானே வரும்? 1941 கணக்குப்படி சுமார் 60 லட்சம் மக்கள், ஆலப்புழை, கொல்லம் என்று சொந்தத் துறைமுகங்கள், சொந்த ராணுவம். ஐரோப்பாவில் இதைவிடச் சின்ன நாடுகள் ஐக்கிய நாடுகள் சபையில் உட்கார்ந்திருந்தன.

ஆனால் சட்டம் மட்டும் ஒரு நாட்டை நிற்க வைக்காது. வெளியே ஒரு பெரிய கை தாங்க வேண்டும். அந்தக் கை வரும் என்று சி.பி. நம்பியதற்குக் காரணம், கடற்கரை மணல்.

1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து வந்த கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். மணவாளக்குறிச்சியில் தோண்டத் தொடங்கினார்கள். அன்றைக்கு அதன் பயன் விளக்கு வெளிச்சம். மோனசைட்டிலிருந்து எடுக்கும் தோரியத்தில்தான் காஸ் விளக்கின் மேன்டில் செய்வார்கள். மின்விளக்கு பரவியதும் மணலின் மவுசு குறைந்தது. ஹிரோஷிமாவுக்குப் பிறகு கதையே மாறிவிட்டது. தோரியமும் அணு எரிபொருளுக்கு உதவும் என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். உலகத்தில் எங்கே யுரேனியமும் தோரியமும் கிடைத்தாலும் வளைத்துப்போட அமெரிக்காவும் பிரிட்டனும் 1944இலேயே ரகசியமாக ஒரு கூட்டு அமைப்பை வைத்திருந்தன. அந்தப் பட்டியலில் திருவிதாங்கூர் முக்கியமான பெயர்.

அதனால்தான் பிரிட்டிஷ் அரசு மோனசைட்டுக்காகத் திருவிதாங்கூரோடு தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. 1947இல் லண்டனின் சப்ளை அமைச்சகம் தன் அரசுக்குக் கொடுத்த ஆலோசனைதான் இந்தக் கதையின் மையம் என்று நினைக்கிறேன். திருவிதாங்கூரை அங்கீகரியுங்கள் என்று அது சொல்லவில்லை. அங்கீகரிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்றது. திருவிதாங்கூர் தனியாக இருந்தால் மணல் வரும். இந்தியாவோடு சேர்ந்தால் டெல்லியிடம் கேட்க வேண்டும். ஆகவே வாயை மூடிக்கொண்டு இருப்பதே லாபம்.

பிரிந்துபோக நினைக்கும் பிரதேசங்களோடு வல்லரசுகள் வைத்துக்கொள்ளும் உறவு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. தூதரகம், கொடி, 21 குண்டு மரியாதை எல்லாம் அப்புறம், வந்தால் உண்டு. முதலில் வருவது மௌனம். அந்த மௌனத்தை இந்தப் பக்கத்துத் தலைவர் சம்மதம் என்று வாசித்துவிடுகிறார். சி.பி.யும் அப்படித்தான் வாசித்தார். ஜின்னாவிடமிருந்து ஆதரவு வந்தது. பாகிஸ்தானுக்குத் திருவிதாங்கூரின் பிரதிநிதியாக ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவரை நியமிப்பதாக அறிவித்தார். தனி நாட்டுக்கு வெளியுறவுத் துறை வந்துவிட்டது மாதிரி ஒரு தோற்றம்.

டெல்லி சும்மா இருக்கவில்லை. ஜூன் நடுவில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி, தனி நாடு அறிவிக்கும் உரிமை எந்தச் சமஸ்தானத்துக்கும் இல்லை என்றது. அப்படி அறிவித்த ஒன்றை வெளிநாடு எதுவும் அங்கீகரித்தால் அது நட்புக்கு விரோதமான செயலாகக் கருதப்படும் என்று நேரு எச்சரித்தார். அதோடு லண்டனின் கணக்கு மாறியது. தராசில் ஒரு பக்கம் மணல், மறுபக்கம் மொத்த இந்தியாவின் உறவு. ஜூலை 16ஆம் தேதி பிரபுக்கள் சபையில், எந்தச் சமஸ்தானத்தையும் தனி சர்வதேச நாடாக அங்கீகரிக்கும் எண்ணம் இல்லை என்று இந்தியாவுக்கான அமைச்சர் லிஸ்டோவல் சொல்லிவிட்டார். ஐந்து வாரத்தில் மௌனம் கலைந்தது, எதிர்த்திசையில்.

மக்கள் கணக்கு தனி. 1946 அக்டோபரில் புன்னப்புர-வயலாரில் தொழிலாளர்கள் மீது திருவிதாங்கூர் ராணுவமும் போலீசும் சுட்டார்கள், பெருந்திரளாகச் செத்தார்கள். நிர்வாகத்தை அசைக்க முடியாதபடி சி.பி. முன்வைத்த அரசியல் திட்டத்தை ‘அமெரிக்கன் மாடல்’ என்பார்கள். அதை அரபிக்கடலில் தள்ளுவோம் என்பதுதான் அன்றைய கோஷம். வெளியுறவில் நாடாக நடந்துகொள்ளத் தெரிந்த அரசுக்கு உள்ளே குடிமக்கள் இல்லை. 1947 ஜூலை 25ஆம் தேதி, திருவனந்தபுரத்து இசைக் கல்லூரி விழாவில் கே.சி.எஸ். மணி என்ற சோஷலிஸ்ட் இளைஞர் சி.பி.யை வெட்டினார். சி.பி. பிழைத்துக்கொண்டார், தனி நாடு பிழைக்கவில்லை. சில நாட்களில் மகாராஜா இந்தியாவில் சேரச் சம்மதித்து மவுண்ட்பேட்டனுக்குத் தந்தி கொடுத்தார். ஆகஸ்டில் சி.பி. பதவியை விட்டுக் கிளம்பினார்.

ஒருவேளை லண்டன் இன்னும் கொஞ்ச காலம் மௌனமாக இருந்திருந்தால்? அதற்குப் பதில் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. 1960 ஜூலை 11ஆம் தேதி, சுதந்திரம் வாங்கிப் பத்துப் பதினோரு நாளே ஆன காங்கோவிலிருந்து கட்டாங்கா பிரிந்தது. அங்கே செம்பு, கோபால்ட், யுரேனியம். பெல்ஜியம் அதிகாரபூர்வமாக அங்கீகரிக்கவில்லை. ஆனால் பெல்ஜிய அதிகாரிகள் கட்டாங்காவின் படையை நடத்தினார்கள். பெல்ஜியச் சுரங்கக் கம்பெனி வரியைக் கட்டாங்காவுக்கே கட்டியது. 1963 ஜனவரியில் ஐநா படை அதை முடித்துவைப்பதற்குள் லுமும்பா கொல்லப்பட்டிருந்தார், எத்தனையோ பேர் செத்திருந்தார்கள். இன்னொரு வகை ரஷ்யாவுடையது. 2008 ஆகஸ்ட் 26ஆம் தேதி அப்காசியாவையும் தெற்கு ஒசேத்தியாவையும் அங்கீகரித்தது, ராணுவத் தளமும் வைத்தது. அங்கீகாரம் கிடைத்தும் அந்த நாடுகள் ரஷ்யப் பணத்தை எதிர்பார்த்துத்தான் இருக்கின்றன. மௌனமோ, முத்திரையோ, கடிவாளம் வெளியேதான்.

இதில் கம்பம் பள்ளத்தாக்குக்கு என்ன? தண்ணி. 1886 அக்டோபர் 29ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜா பெரியாறு நீர்த்தேக்கத்துக்காக 8,000 ஏக்கரை, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம், 999 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார். 1895இல் பென்னிகுயிக்கின் அணை முடிந்தது. சுரங்கம் வழியாக மலையைக் குடைந்து வரும் அந்தத் தண்ணியில்தான் பள்ளத்தாக்கின் இருபோக நெல். எங்க தொழிலில் இதை டிபென்டென்சி என்போம்: உன் புரோகிராம் ஓட, அடுத்தவன் வீட்டில் ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அணையின் தண்ணீரில் மெட்ராஸ் மின்சாரம் எடுக்கலாமா என்ற வழக்கில் 1941இல் நடுவர், பாசனத்துக்கு மட்டும்தான் என்று திருவிதாங்கூர் பக்கம் தீர்ப்பளித்தார். அப்போதும் சி.பி.தான் திவான். மின்சாரத்துக்கான துணை ஒப்பந்தம் 1970இல்தான் கையெழுத்தானது.

திருவிதாங்கூர் தனி நாடாகியிருந்தால் இந்த அணை வெளிநாட்டில் இருந்திருக்கும். மேலாதிக்கத்தோடு குத்தகையும் 1947இல் காலாவதியாகிவிட்டது என்ற வாதம், சி.பி.யின் சட்டத் தர்க்கத்துக்குத் தம்பி. கேரள அரசு அதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது; 2014 மே 7ஆம் தேதி நீதிமன்றம் நிராகரித்தது. 2011 டிசம்பரில் பள்ளத்தாக்கே கிளம்பிக் குமுளியை நோக்கி நடந்தது. அன்று கோபம் எவ்வளவு இருந்தாலும், நடுவில் நின்றது மாநில போலீஸ். எல்லைப் படை இல்லை. முறையிட இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு நீதிமன்றம் இருந்தது. இதை டெல்லிக்குப் பாராட்டாகச் சொல்லவில்லை. நீதிமன்றத்தில் வருடங்கள் எப்படிக் கரையும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கரையும் வருடங்கள் வேறு, கரையும் உயிர்கள் வேறு.

மணல் என்னாச்சு? 1950இல் இந்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சியும் சேர்ந்து இந்தியன் ரேர் எர்த்ஸ் கம்பெனியை ஆரம்பித்தன. 1952இல் ஆலுவாவில் ஆலை ஓடியது. 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது மணவாளக்குறிச்சி கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவில் நின்றன. எந்த மணலை நம்பி ஒரு நாடு கேட்கப்பட்டதோ அது இந்தப் பக்கம். எந்தத் தண்ணியை நம்பி நாங்கள் இருக்கிறோமோ அது அந்தப் பக்கம்.

பெரிய நாடு ஒன்று சின்னப் பிரதேசத்தின் உரிமையைப் பற்றித் திடீரென்று உருகிப் பேசினாலோ, பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருந்தாலோ, நான் இப்போதெல்லாம் முதலில் தேடுவது அந்த ஊரின் வரைபடத்தை இல்லை. அந்த மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான்.