ஆனையிறவின் இருமருங்கும்: உலகப் போர்க்காலப் பறப்புப் பயிற்சியில் இலங்கை

ஆனையிறவைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் நிலப்போர் பற்றியவையே. வன்னிப் பெருநிலத்தையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் இணைக்கும் அவ்வொடுங்கிய நிலத்தில் ஒல்லாந்தர் கோட்டை கொண்டு காவல் புரிந்ததும், 1991 இலும் 2000 இலும் பெருஞ்சமர்கள் நிகழ்ந்ததும் யாவரும் அறிந்தவை. ஆயின் இரண்டாம் உலகப் போரின்போது இவ்வொடுக்கத்துக்கு வடக்கே பலாலியிலும் தெற்கே வவுனியாவிலும் பிரித்தானியர் விமானத்தளங்களை அமைத்தனர். அவற்றுக்கிடைப்பட்ட நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் ஆனையிறவினூடாகவே சென்றன. அத்தகைய தளங்கள் ஏன் எழுந்தன, இலங்கை எவ்வாறு போர்விமானிகளின் பயிற்சிக்களமாயிற்று, அதனால் இந்நாட்டு மக்கள் பெற்றது யாது என்பனவற்றை நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

1942 ஏப்பிரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, நகுமோவின் தலைமையிலான யப்பானியக் கடற்படையின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அன்றே கோர்ண்வோல், டோர்செற்ஷயர் என்னும் இரு பிரித்தானியக் கப்பல்கள் சிறிது நேரத்துள் மூழ்கடிக்கப்பட்டன. ஏப்பிரல் 9 ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. சீனன்குடாவிலிருந்து இரத்மலானைக்குப் பறந்த ஆறு சுவோட்பிஷ் விமானங்களும் வழியிலேயே வீழ்த்தப்பட்டன. இத்தோல்விக்குப் பிரித்தானிய விமானங்களின் வேகக்குறைவும், முன்னெச்சரிக்கை உரிய வேளையில் கிட்டாமையும் காரணங்களாயின. எனினும் யப்பானிய விமானிகளின் கைத்திறனும் ஒரு முதன்மைக் காரணம் என்பதை மறுத்தல் இயலாது. அவர்களுட் பலர் சீனப் போரில் தேர்ந்தவர்கள்; கடுந்தெரிவின் பின் நீண்டகாலம் பயின்றவர்கள்.

ஆயின் அத்திறன் ஒரு சிறு குழுவினரிடமே தங்கியிருந்தது. 1942 யூனில் நிகழ்ந்த மிட்வே சமரிலேயே யப்பானின் தேர்ந்த விமானிகள் அனைவரும் மடிந்தனர் எனப் பலர் கருதுவர். அது பொருந்தாது. அங்கு இறந்த யப்பானிய விமானப் பணியாளர் ஏறக்குறைய 110 பேரே. அதன் பின்னர் சொலமன் தீவுகளை அண்டி நீடித்த போரே அப்படையின் முதுகெலும்பை முறித்தது. யப்பான் தன் மூத்த விமானிகளைப் பெரும்பாலும் போர்முனையிலேயே வைத்திருந்தது. அவர்கள் இறந்தபோது அவர்களது அறிவும் உடன் இறந்தது. ஐக்கிய அமெரிக்கா இதற்கு மாறான வழியைக் கைக்கொண்டது. மிட்வேயில் போரிட்ட ஜோன் தாச் போன்றோரைக் களத்திலிருந்து மீட்டுப் புதியோரைப் பயிற்றும் பணியில் அமர்த்தியது. சிறந்த வீரனைப் போர் நடக்கும்போதே பின்வாங்குதல் உடனடி இழப்பாகத் தோன்றும். ஆயினும் ஒருவன் அறிந்ததை நூற்றுவர் அறியச் செய்யும் வழி அதுவே. 1944 யூன் 19 ஆம் திகதி பிலிப்பைன் கடற்சமரில் யப்பான் ஒரே நாளில் சுமார் 300 விமானங்களை இழந்தமை இவ்விரு முறைகளினதும் பயனை வெளிப்படுத்தியது எனலாம்.

இம்மாற்றத்தின் ஒரு கட்டம் இலங்கைக் கடலிலேயே நிகழ்ந்தது. 1944 மார்ச் இறுதியில் சரட்டோகா என்னும் அமெரிக்க விமானந்தாங்கி திருகோணமலையை அடைந்தது. அதன் விமானிகள் 1943 நவம்பரில் ரபவுல் துறைமுகத்தைத் தாக்கி அனுபவம் பெற்றவர்கள். அவர்களுக்கு ஜோசப் கிளிப்ரன் தலைமை தாங்கினார். அவர்களுடன் இணைந்த பிரித்தானியக் கப்பலான இலஸ்ரியஸ் 1940 இல் தாரந்தோத் தாக்குதலால் புகழ்பெற்றதாயினும், அப்போது அதிலிருந்த கோர்செயர் அணிகள் 1943 இலேயே உருவாக்கப்பட்டவை. இரு நாள்கள் இரு கப்பல்களும் கடலில் இடையறாது பயின்றன. பெருந்தொகையான விமானங்களைக் குறுகிய நேரத்தில் தளத்திலிருந்து எழுப்பி, வானில் ஒருங்குசேர்த்து, ஓர் இலக்கை நோக்கிச் செலுத்துதல் நூலறிவால் மட்டும் வருவதன்று. செய்தவர் அருகிருந்து காட்ட வேண்டுவது. ஏப்பிரல் 19 ஆம் திகதி இரு அணிகளும் சேர்ந்து சுமாத்திராவுக்கு அண்மையிலுள்ள சபாங்கைத் தாக்கின. வீழ்ந்தது ஓர் அமெரிக்க விமானமே. அதன் விமானியையும் பிரித்தானிய நீர்மூழ்கி ஒன்று மீட்டது. மே 17 ஆம் திகதி சுரபாயாவும் தாக்கப்பட்டது.

வன்னியின் நிலைமையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. வவுனியாத் தளத்தில் பிரித்தானிய வான்படையின் 22 ஆம், 217 ஆம் அணிகள் தங்கியிருந்தன. முன்னையது 1941 இல் பிறெஸ்ற் துறைமுகத்தில் ஜேர்மன் போர்க்கப்பலைத் தாக்கியது. பின்னையது 1942 இல் மோல்ற்றாவிலிருந்து இத்தாலியக் கடற்படையோடு பொருதியது. கப்பல்களைத் தாக்கும் கலையில் தேர்ந்த அணிகள் வன்னிக் காட்டின் நடுவே யப்பானியக் கடற்படையின் மீள்வரவை எதிர்பார்த்திருந்தன. அது வரவில்லை. காவற்பறப்பிலும் பயிற்சியிலும் அவற்றின் காலம் கழிந்தது.

இப்பள்ளியில் இந்நாட்டவர் பெற்ற இடம் யாது? தனிப்பட்ட சிலர் பிரித்தானிய வான்படையிற் சேர்ந்து பறந்தனராயினும், இத்தளங்களின் பயிற்சித் திட்டம் இலங்கையருக்காக வகுக்கப்பட்டதன்று. நிலமும் உடலுழைப்புமே அவர்களிடமிருந்து பெறப்பட்டன. புத்தளத்திலிருந்த கடற்படை விமானத்தளத்தில் விமானங்களை இழுக்க யானைகளும் பயன்பட்டன. வன்னி யானைகளை விற்பனைக்காகக் குடாநாட்டுக்குக் கடத்திய துறையே ஆனையிறவு எனப் பெயர்பெற்றது என்பர். அந்நியரின் வணிகத்துக்கு ஒருகாலத்தில் பயன்பட்ட விலங்கு பின்னர் அந்நியரின் போருக்கும் பயன்பட்டது. இலங்கைக்கென ஒரு வான்படை 1951 இலேயே தோன்றியது. திருகோணமலையும் கட்டுநாயக்காவும் 1957 வரை பிரித்தானியர் வசமே இருந்தன.

குடியேற்ற ஆட்சி நீங்கியபோது ஓடுபாதைகள் நீங்கவில்லை. பலாலியும் வவுனியாவும் உள்நாட்டுப் போரின் முக்கிய படைத்தளங்களாயின. பலாலியைச் சூழ்ந்த ஊர்களின் மக்கள் 1990 முதல் பல்லாண்டுகள் தம் நிலத்துக்குத் திரும்ப இயலாதிருந்தனர். இருமருங்கிலும் தளங்கள் அமைந்த நிலையில், இடைப்பட்ட ஆனையிறவு 1991 இலும் 2000 இலும் 2009 இலும் குருதி சிந்தியது.

போர்க்காலப் பயிற்சியின் வரலாறு நமக்கு இரு உண்மைகளைப் புலப்படுத்துகின்றது. அறிந்தவனைக் காத்து அறியாதவனுக்குக் கற்பிக்கச் செய்யும் சமூகமே நிலைபெறும் என்பது ஒன்று. அழிக்கும் அறிவை இத்துணை ஒழுங்காகத் தலைமுறைக்குக் கையளித்த அரசுகள், அவ்வழிவின் விலையை அறிந்த மக்களின் அறிவைக் கையளிக்க எந்தப் பள்ளியையும் அமைக்கவில்லை என்பது மற்றொன்று. படைகளின் பதிவேடுகள் பேணப்பட்டுள்ளன. தளங்களுக்கு நிலம் ஈந்த, மண் சுமந்த மக்களின் நினைவுகள் பேணப்படவில்லை. அவற்றைத் தொகுத்தல் நம் பல்கலைக்கழகங்களின் கடன்.