நேட்டால் கப்பல் பட்டியல்களும் முன்னோர் தேடலும்

1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து டர்பனை அடைந்த ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக இன்றைய தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்குச் சென்றவர்கள் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியே போனவர்கள். ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர் ஆகியவற்றைக் கப்பல் பட்டியல்கள் சொல்கின்றன. குடும்பக் கதைகளோ அடிக்கடி வேறொன்றைச் சொல்லும்: பாட்டனார் சொந்தச் செலவில் வந்த வணிகர், உயர்ந்த குலத்தவர் என்று. இத்தகைய முரணில் பட்டியலை முழுவதும் நம்புவதும் தவறு, தள்ளிவிடுவதும் தவறு.

எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள், ஊர்ப்பெயர்கள் சிதைந்தன, எனவே பட்டியல் பயனற்றது என்பர் சிலர். சிதைவு உண்மைதான். ஆனால் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் தரப்பட்ட குடியேற்ற எண் ஒலியைச் சார்ந்ததன்று; பிற்காலப் பதிவுகளிலும் அதுவே தொடர்ந்தது. ஒரே பெயரில் பத்து முனுசாமிகள் இருந்தாலும் எண் அவர்களைப் பிரித்துக் காட்டும். சாதிப் பட்டமோ நிலையற்றது. கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனது உச்சரிப்புத் திரிபு, ஆனால் கடல் கடந்தபின் புதிதாகப் பட்டம் சூடிக்கொண்டவர்களும் உண்டு (யாரும் சரிபார்க்க முடியாத வசதி அது!). ஆகவே எண்ணும் ஊரும் பொருந்தினால் உறவை ஏற்கலாம். பட்டம் மட்டும் பொருந்தினால் ஏற்கலாகாது.