கால் அங்குல டேப் டிரைவ்களின் உருளைப் பழுதுபார்ப்பு

கணினித் தரவுகளைக் காந்த நாடாவில் படியெடுத்து வைக்கப் பயன்பட்ட பழைய கால் அங்குல டேப் டிரைவ்களில், கெட்டுப்போன ரப்பர் உருளையையும் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் பட்டையையும் மாற்றி, நாடாவை மறுபடி ஓட வைக்கும் வேலை. பழைய கணினிகளைச் சேகரிப்போரும் ஆவணக் காப்பகங்களில் தரவு மீட்போரும் இதைச் செய்கிறார்கள். இத்தகைய டிரைவ்களில் மின்னணுச் சுற்றுகள் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். முதலில் வீழ்வது விரல் பருமன்கூட இல்லாத அந்த உருளைதான்.

6.35 மி.மீ. அகல நாடாவைக் கொண்ட டிசி300 கார்ட்ரிட்ஜை அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1972இல் வெளியிட்டது. 1975இல் வந்த ஐபிஎம் 5100, டெக்ட்ரானிக்ஸ் 4051 ஆகியவை நிரல்களையும் தரவுகளையும் சேமிக்க இதையே நம்பியிருந்தன. 1980களில் யூனிக்ஸ் பணிநிலையங்களின் பேக்கப் சாதனமாக இது நிலைபெற்றது. சன் நிறுவனம் தன் இயங்குதளத்தையே இந்த நாடாக்களில் அனுப்பிவைத்தது. 60 மெகாபைட், 150 மெகாபைட் என்று கொள்ளளவு ஏறியது. இதன் சிறிய வடிவமான டிசி2000 வீட்டுக் கணினிகளுக்குள் புகுந்தது.

நாடாவை ஓட்டும் பொறியில் பாதி கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருப்பது இதன் தனித்தன்மை. டிரைவில் நாடாவை ஓட்ட ஒரே மோட்டார்; அதன் தண்டில் ரப்பர் போர்த்திய உருளை. கார்ட்ரிட்ஜை உள்ளே தள்ளியதும் இந்த உருளை, முன்விளிம்பில் இருக்கும் பிளாஸ்டிக் சக்கரத்தை அழுத்திக்கொண்டு நிற்கும். சக்கரம் சுழன்றால் அதைச் சுற்றி ஓடும் மெல்லிய மீள்பட்டை, இரண்டு நாடாச் சுருள்களையும் வெளிப்புறத்தில் உரசியபடி சுழற்றும். நாடாவை விறைப்பாக வைத்திருப்பதும் அதே பட்டைதான். சிக்கனமான, அழகான வடிவமைப்பு. ஆனால் ரப்பரும் பட்டையும் ஆயுளோடு இருக்கும் வரைதான்.

உருளையின் மேலுறை பல டிரைவ்களில் பாலியூரித்தேனால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதன் எஸ்டர் பிணைப்புகளைச் சிறிது சிறிதாக அறுக்கிறது. வேதியியலில் இதை நீராற்பகுப்பு என்பார்கள். டிரைவைத் தொடாமல் பெட்டியில் பூட்டி வைத்தாலும் இது நிற்காது. 1980இல் வந்த எச்பி-85 கணினியின், இதே முறையில் இயங்கும் சிறிய டேப் டிரைவைத் திறப்பவர்கள், உருளை இருந்த இடத்தில் புளிக்குழம்பின் அடிவண்டல்போல் ஒட்டும் கரும்பிசினைக் காண்பது வழக்கம். அந்த நிலையில் கார்ட்ரிட்ஜைச் செருகினால் பிசின் சக்கரத்திலும், சில வேளை நாடாவிலும் அப்பிக்கொள்ளும். வேறு சில உருளைகள் உருகாமல் இறுகி வெடிக்கும்.

பழுதுபார்க்க முதலில் மோட்டாரைக் கழற்றி எடுக்க வேண்டும். பிசினை மரக்குச்சியால் வழித்து, மிச்சத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்கலாம். ஆல்கஹால் தண்டு வழியாகத் தாங்கிக்குள் இறங்கினால் அங்குள்ள எண்ணெயைக் கரைத்துவிடும் என்பதால் மோட்டாரைத் தலைகீழாகப் பிடித்துத் துடைப்பது நல்லது. பின்னர் வெற்று அச்சின்மீது சிலிக்கோன் குழாய்த் துண்டையோ, பக்கம் பக்கமாக அடுக்கிய ஓ-ரிங்குகளையோ மாட்டுவார்கள். வெப்பத்தில் சுருங்கும் குழாயையும் சிலர் போர்த்துவதுண்டு. அது கடினமானது, வழுக்கும், அவசரத்துக்கு மட்டும் உதவும்.

விட்டம்தான் இங்கே எல்லாம். நாடாவின் வேகம் உருளையின் வெளிவிட்டத்துக்கு நேர்விகிதத்தில் மாறும். 12 மி.மீ. உருளையில் மேலுறை 0.2 மி.மீ. தடித்துவிட்டால் விட்டம் 12.4 ஆகும்; வேகம் 3 விழுக்காட்டுக்குமேல் கூடிவிடும். படிக்கும் சுற்று ஓரளவு வேகமாறுதலைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் அந்த டிரைவில் புதிதாக எழுதிய நாடா வேறு டிரைவில் முரண்டு பிடிக்கலாம். அதைவிடத் தொல்லை, உருளை மையம் விலகிச் சுழல்வது: ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஏறி இறங்கும். எனவே உறையைச் சற்றுத் தடிமனாகவே மாட்டி, மோட்டாரைத் தனியே சுழலவிட்டு, நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவதே தேர்ந்த வழி. உருகிப்போன உருளையை அளந்து பயனில்லை. நல்ல நிலையில் உள்ள அதே ரக டிரைவிலிருந்தோ பராமரிப்புக் கையேட்டிலிருந்தோ அளவை எடுக்க வேண்டும்.

டிரைவைச் சரிசெய்தால் பாதி வேலைதான் முடிந்தது. கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் பட்டையும் முதுமையில் தொய்கிறது, அறுகிறது, அல்லது நாடாவோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய பட்டையோடு மோட்டாரை ஓடவிட்டால், காந்தப் பூச்சு நாடாவிலிருந்து உரிந்து வந்துவிடும். அந்த இடத்தில் வெறும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் மட்டுமே எஞ்சும், தரவு போனது போனதுதான். ஆகவே மதிப்புள்ள நாடாவை டிரைவில் செருகுமுன் கார்ட்ரிட்ஜின் அடித்தட்டைக் கழற்றி, பட்டையைக் கையால் மெல்லப் பிரித்து, நாடாவுக்குச் சேதமில்லாத வேறு பட்டையை மாட்ட வேண்டும். பிற்காலக் கார்ட்ரிட்ஜ் ஒன்றைப் பலிகொடுத்து அதன் பட்டையை எடுப்பதுண்டு. கடையில் கிடைக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் மீள்வளையங்களும் ஓரிரு முறை படிக்கும் அளவுக்குத் தாக்குப்பிடிக்கும்.

நாடாவின் முனைகள் சுருள்களின் அச்சோடு பிணைக்கப்படாதவை என்பதையும் மறக்கக் கூடாது. நாடாவின் தொடக்கமும் முடிவும் அதில் துளைத்த சிறு ஓட்டைகளால் குறிக்கப்படுகின்றன. கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் சாய்ந்த கண்ணாடி வழியாக ஒளி உணரி அவற்றைக் காணும். கண்ணாடியில் தூசு படிந்திருந்தாலோ உணரி மங்கியிருந்தாலோ முனை வந்ததை டிரைவ் அறியாது, நாடா சுருளை விட்டு முழுதாகக் கழன்றுவிடும். புது உருளையைத் தேவையற்ற நாடாவில் ஓட்டிப் பார்ப்பது இதனால்தான். பிறகு மூல நாடாவை ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திருப்பிச் சுற்றுவார்கள். பல ஆண்டுகள் ஒரே நிலையில் கிடந்த சுருளின் விறைப்பு அப்போது சீராகும்.

கால் அங்குல வகையைத் தவிர, நாடாவில் சாய்வான வரிகளாகப் பதியும் 8 மி.மீ. எக்ஸாபைட், 4 மி.மீ. டிடிஎஸ் போன்ற டிரைவ்களிலும் நாடாவை அழுத்தும் ரப்பர் உருளை உண்டு. அதுவும் இறுகி வழுக்கும். டிஎல்டி, எல்டிஓ டிரைவ்களில் நாடாவை இழுக்க ரப்பர் உருளை கிடையாது, சுருள்களையே மோட்டார்கள் சுழற்றுகின்றன. அங்கே பழுது வேறு வகை. டிஎல்டியில் நாடாவைக் கொக்கிபோட்டு இழுத்துவரும் முன்னிழை கழன்றுபோவது அவற்றுள் பெயர்பெற்றது.