தன்ராஜ் பிள்ளை: நாட்டுக்கு 339 ஆட்டம், சோற்றுக்குக் கிளப்

ஹாக்கி என்றதும் என் வயதுக்காரர்களுக்கு நினைவு வருவது 1980-இல் மாஸ்கோவில் தங்கம் வாங்கிய அணியின் தலைவர், நம் வாசுதேவன் பாஸ்கரன். அவரைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்று எழுதுவது அவருக்குப் பின் வந்த ஒரு தமிழ் வீட்டுப் பிள்ளையைப் பற்றி. தமிழ்நாட்டில் பிறக்காத தன்ராஜ் பிள்ளை.

பிறந்தது 1968 ஜூலை 16, புனே அருகே கட்கியில். அப்பா நாகலிங்கம் பிள்ளை அங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலையைச் சேர்ந்த மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். அம்மா பெயர் ஆண்டாளம்மா. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு அந்தப் பெயர் ஒன்றே போதும், எந்த மண்ணிலிருந்து போன குடும்பம் என்று தெரிந்துவிடும். நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலைக் குடியிருப்பைப் பார்த்தவர்களுக்குக் கட்கியை விளக்க வேண்டியதில்லை. வரிசை வீடு, சங்கு ஊதும் நேரம், நடுவில் ஒரு மைதானம். அந்தப் புழுதி மண்ணில், மற்றவர்கள் தூக்கிப் போட்ட உடைந்த மட்டையை வைத்துக்கொண்டு அண்ணன் தம்பிகள் ஆடிக் கற்றார்கள். முகமது ஷாகித்தின் ஆட்டத்தைப் பார்த்து அதேபோல் பந்தைக் கடத்திப் போகப் பழகினார் தன்ராஜ்.

எங்கள் பச்சைமலை அடிவாரத்துப் பள்ளிகளில் கபடி உண்டு, வாலிபால் உண்டு. ஹாக்கி பார்க்க வேண்டுமானால் பொன்மலை ரயில்வே மைதானத்துக்குத்தான் போக வேண்டும். காரணம் எளிது. நம் நாட்டில் ஹாக்கி கிளப் என்பது பெரும்பாலும் ஓர் ஆபீஸ். ரயில்வே, வங்கி, விமானக் கம்பெனி, போலீஸ். வீரனுக்கு அங்கே ஒரு நாற்காலி, வருகைப் பதிவேட்டில் ஒரு வரி, போட்டிக்குப் போனால் சிறப்புத் தற்செயல் விடுப்பு. குமாஸ்தாவாக இருந்த எனக்கு அந்தக் கோப்புகள் நன்றாகத் தெரியும். பக்கத்து மேஜைக்காரர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் அந்த நாற்காலி இல்லாவிட்டால் இந்திய ஹாக்கியே இல்லை என்பது என் கருத்து.

தன்ராஜுக்கும் அப்படித்தான். அண்ணன் ரமேஷ் மும்பையில் ஆர்.சி.எஃப். உரக் கம்பெனி அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். தம்பியையும் மும்பைக்கு அழைத்துக்கொண்டார். பிறகு தன்ராஜ் மஹிந்திரா அணி, அடுத்து இந்தியன் ஏர்லைன்ஸ். 1989 டிசம்பரில் டெல்லியில் நடந்த ஆசியக் கோப்பையில் நாட்டுக்காக இறங்கினார். 2004 வரை ஆடினார். நான்கு ஒலிம்பிக்ஸ், நான்கு உலகக் கோப்பை, நான்கு சாம்பியன்ஸ் டிராபி, நான்கு ஆசிய விளையாட்டு. இப்படி நந்நான்காக ஆடியவர் வேறு யாரும் இல்லை.

ஆட்டங்கள் 339. கோல்கள் எத்தனை? சுமார் 170 என்கிறார்கள். ஹாக்கி சம்மேளனம் முறையாகக் கணக்கு வைக்கவில்லை! ஒரு பேரேடு, ஒரு எழுத்தர் போதுமே ஐயா. ஒரு தாலுகா ஆபீஸில் இப்படி நடந்தால் மெமோ வந்துவிடும்.

1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் தங்கம் கிடைத்தது. இறுதியில் தென் கொரியாவை பெனால்டி ஸ்ட்ரோக்கில் வென்றார்கள். அதற்கு முந்தைய தங்கம் 1966-இல், அதுவும் பாங்காக்கில்தான். நடுவில் 32 வருஷம். ஊருக்குத் திரும்பிய அணிக்கு என்ன கிடைத்தது தெரியுமா? அடுத்த பாகிஸ்தான் தொடரில் தன்ராஜும் இன்னும் ஆறு மூத்த வீரர்களும் இல்லை. களைப்பாக இருப்பார்கள், ஓய்வு கொடுத்தோம் என்றது நிர்வாகம். படி போதவில்லை, ஆட்டத்துக்கான பணம் வரவில்லை, வசதி இல்லை என்று தன்ராஜ் வாய்விட்டுக் கேட்டதுதான் காரணம் என்று ஊரே பேசியது. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அவர் முன்கோபக்காரர், மறுப்பதற்கில்லை. ஆனால் கேட்டது நியாயம்.

கேட்கும் தைரியம் அவருக்கு வந்ததற்கு வெளிநாட்டுக் கிளப்புகளும் ஒரு காரணமாக இருந்திருக்கும். லண்டனில் இந்தியன் ஜிம்கானா, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் கிக்கர்ஸ், மலேசியாவில் டெலிகாம் அணி, டாக்காவில் அபஹானி, பிரான்சில் லியோன். பிரெஞ்சு மூலம் படித்த எனக்கு லியோன் பெயரைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம். பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஆட்டத்தை “ஓக்கே சூர் கஸோன்”, அதாவது புல்தரை ஹாக்கி என்பார்கள். அடைமொழி சேர்க்காவிட்டால் பனிக்கட்டி மேல் ஆடுவதோடு குழப்பிக்கொள்வார்கள். கிரிக்கெட் வீரனுக்கு விளம்பரப் பணம் கொட்டிய காலத்தில், உலகத் தரமான ஒரு ஹாக்கி வீரர் நாடு நாடாகப் போய் ஆடித்தான் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

ஒலிம்பிக் பதக்கம் மட்டும் வாய்க்கவில்லை. 2000 சிட்னியில் போலந்தை வென்றிருந்தால் அரையிறுதி. 1-0 என்று முன்னால் இருந்தோம். கடைசி இரண்டு நிமிஷத்துக்குள் அவர்கள் சமன் செய்தார்கள். மைதானத்தில் தன்ராஜ் அழுதார். அப்போது வயது 32. பலர் அத்தோடு முடிந்தது என்றார்கள். 2002-இல் கொலோன் சாம்பியன்ஸ் டிராபியில் தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்கே. 2003-இல் கோலாலம்பூரில் அவர் தலைமையில் பாகிஸ்தானை வென்று ஆசியக் கோப்பை.

2004 ஏதென்ஸில் இந்தியா ஏழாவது இடம். அத்தோடு சர்வதேச ஆட்டம் நின்றது. 2005-இல் பிரீமியர் ஹாக்கி லீக் தொடங்கியபோது, 36 வயதில், மராத்தா வாரியர்ஸ் அணிக்கு மறுபடி மட்டையோடு வந்து நின்றார்.