வில்லைக் கோப்புகளில் எழுத்துருவும் மொழியும்

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய வட்டங்கள் கேரளத்தின் பகுதிகளாயின. இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் அடங்கும் இவ்வட்டங்களில் தமிழர் திரளாக வாழ்கின்றனர். அரசு அலுவலகங்களுடன் தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்தும் உரிமையை 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் அவர்களுக்கு அளித்தது. இவ்வாறு தமிழும் மலையாளமும் அடுத்தடுத்து வழங்கும் நிலப்பகுதிகளில், கணினியில் எழுதப்பட்ட பழைய ஆவணங்களை மீட்டெடுக்கும்போது எழும் மொழிச் சிக்கல் ஒன்றை இக்கட்டுரை ஆராய்கிறது. வகுப்புகளிலும் கூட்டங்களிலும் திரையிடப்படும் வில்லைக் கோப்புகள் இங்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

இத்தகைய கோப்புகளை உருவாக்கும் பவர்பாயின்ட் மென்பொருள் 1987இல் வெளிவந்தது. அதன் பழைய கோப்புகள் இரும எண்களால் ஆனவை. அவற்றின் உள்ளமைப்பு விளக்கத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2008இல் பொதுவில் வெளியிட்டது. மூல மென்பொருளின் துணையின்றியே இக்கோப்புகளைப் பகுத்து, எழுத்துத் தொடர்களைப் பிரித்துத் தருவன நிரல் நூலகங்கள். 2001இல் தொடங்கிய அப்பாச்சி பிஓஐ அவற்றுள் குறிப்பிடத்தக்கது.

இரும அமைப்பில் எழுத்துத் தொடர் ஓரிடத்திலும், எழுத்துருவின் பெயர் வேறோரிடத்திலும் பதியப்படும். தொடரின் எப்பகுதிக்கு எவ்வெழுத்துரு என்பதை ஒரு சுட்டெண் காட்டும். ஒருங்குறி வழக்கிற்கு வருமுன் இந்திய மொழி எழுத்துருக்கள் பலவும் உரோமன் எழுத்துகளின் இடங்களிலேயே தம் வடிவங்களை அமைத்துக்கொண்டன. எடுத்துக்காட்டாக, ஈழத் தமிழரிடையே பரவிய பாமினி எழுத்துருவில் உரோமன் சிறிய 'எம்' என்பது அகரம். கேரளத்தில் பரவிய கார்த்திகா எழுத்துருவில் அதுவே மலையாள ஆகாரக் குறி. ஆகவே கோப்பினுள் இரண்டும் ஒன்றே. அத்தொடர் எம்மொழிக்குரியது என்பதை உணர்த்தும் அகச்சான்று எழுத்துருவின் பெயரே ஆகும்.

1991இல் வெளியான ஒருங்குறி, தமிழுக்கும் மலையாளத்திற்கும் தனித்தனி இடங்களை ஒதுக்கியது. 2010இல் தமிழ்நாடு அரசும் அதனை ஏற்றது. வில்லைக் கோப்பின் எக்ஸ்எம்எல் வடிவம் 2006இல் எக்மா தரமாகவும், 2008இல் பன்னாட்டுத் தரமாகவும் அறிவிக்கப்பட்டது. எனினும் பழைய கோப்பைப் புதிய வடிவில் சேமிப்பதால் மட்டும் குறியேற்றம் மாறிவிடுவதில்லை; உரோமன் எழுத்துகள் அவ்வாறே எஞ்சுகின்றன.

நிரல் நூலகம் எழுத்துத் தொடர், எழுத்துருவின் பெயர் ஆகிய இரண்டையும் தரவல்லது. தேடலுக்காகத் தொடரை மட்டும் எடுத்துப் பெயரை விலக்குவோர், அறியாமலே மொழியையும் விலக்கிவிடுகின்றனர். அங்ஙனம் தொகுக்கப்பட்ட ஆவணம் தமிழாகவும் தேடலில் அகப்படாது, மலையாளமாகவும் அகப்படாது. பெரும்பான்மை மொழியின் எழுத்துருவே எங்கும் பயன்பட்டிருக்கும் எனக் கொண்டு மாற்றினால், சிறுபான்மையினரின் எழுத்து பொருளற்ற மலையாளக் குறிகளாகச் சிதையும். கல்வெட்டைப் பதிப்பிப்போர் எழுத்துவகையையும் உடன் குறிப்பது போல, ஆவணக் காப்பாளர் எழுத்துருவின் பெயரையும் தொடருடன் சேர்த்துப் பேணுதல் வேண்டும். இருமொழி எல்லைப்பகுதிகளில் இது தவிர்க்க இயலாத கடமையாகும்.