லிடிட்ஸே - மேப்பில் இருந்து அழிக்கப்பட்ட ஒரு கிராமம்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, ஆணி புடுங்கவே நேரம் சரியா இருந்ததால தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. இன்னிக்கு எழுதியே தீருவதுன்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

ப்ராஜக்ட் விஷயமா மூணு மாசம் பிராக் நகரத்துல இருந்தேன். வார நாள்ல ஆபீஸ், வாரக் கடைசில ஊர் சுத்தல். கோட்டை, பாலம், பழைய கடிகாரம் எல்லாம் ரெண்டே வாரத்துல முடிஞ்சு போச்சு. கூட வேலை பாக்குற செக் நண்பர் கிட்ட, "பக்கத்துல ஏதாவது சின்ன கிராமமா சொல்லுங்க, உங்க ஊர்ப்பக்கம் எப்படி இருக்கும்னு பாக்கணும்"னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். "லிடிட்ஸே போய்ட்டு வாங்க. ஆனா அங்க கிராமத்தைப் பாக்க முடியாது" என்றார். எனக்குப் புரியல. போய்ப் பாத்தப்புறம்தான் புரிஞ்சது.

முதலில் ஊர் எங்கே இருக்குன்னு சொல்லிடறேன். பிராகில் இருந்து வடமேற்கே சுமார் 20 கிலோமீட்டர். விமான நிலையத்தைத் தாண்டிப் போனா பஸ்ஸில் அரை மணி நேரம்தான். ரெண்டு பக்கமும் மெதுவா ஏறி இறங்குற கோதுமை வயல்கள். பெரிய மலை, பெரிய ஆறுன்னு எதுவும் கிடையாது. ஆழமில்லாத ஒரு பள்ளத்தாக்கு, அதில் ஒரு சின்ன ஓடை. அந்த ஓடையை ஒட்டித்தான் பழைய லிடிட்ஸே இருந்தது. 14ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே இந்த ஊர்ப் பேர் எழுத்தில் வந்துவிட்டது. கிட்டத்தட்ட அறுநூறு வருஷம் சரித்திரப் புத்தகத்தில் இடம் பிடிக்கிற மாதிரி எதுவுமே நடக்காமல் நிம்மதியாக இருந்த ஊர்.

பக்கத்தில் இருக்கும் பெரிய ஊர் கிளாட்னோ. 19ஆம் நூற்றாண்டில் அங்கே நிலக்கரி வெட்ட ஆரம்பித்தார்கள், பின்னாலேயே இரும்பு ஆலைகள் வந்தன. அதில் பேர் போன போல்டி எஃகு ஆலையை 1889இல் ஆரம்பித்தவர் கார்ல் விட்கென்ஸ்டைன். தத்துவ மேதை லுட்விக் விட்கென்ஸ்டைனின் அப்பா. ஆலைக்கு வைத்தது அவர் மனைவியின் செல்லப் பேர் :-) லிடிட்ஸே ஆண்களில் நிறைய பேர் கிளாட்னோ சுரங்கத்திலும் ஆலையிலும் ஷிப்ட் வேலை பார்த்தவர்கள். மிச்சப் பேர் விவசாயம். ஒரு சர்ச், ஒரு பள்ளிக்கூடம், ஒரு குளம். மொத்தமா சுமார் ஐந்நூறு பேர். அவ்வளவுதான் ஊர்.

இனி 1942க்கு வருவோம்.

செக் நாடு அப்போ ஹிட்லர் கையில். அதை ஆட்சி செய்ய வந்தவன் ரைன்ஹார்ட் ஹைட்ரிக், யூதப் படுகொலையைத் திட்டம் போட்டு நடத்தியவர்களில் முக்கியமானவன். 1942 மே 27 அன்று, இங்கிலாந்தில் பயிற்சி பெற்று பாராசூட்டில் வந்து இறங்கிய யான் குபிஷ், யோசெஃப் கப்சிக் என்ற ரெண்டு வீரர்கள் பிராகில் அவன் காரை மறித்துத் தாக்கினார்கள். துப்பாக்கி கடைசி நேரத்தில் மக்கர் பண்ணியது, வீசிய குண்டு வெடித்தது. ஜூன் 4 அன்று ஹைட்ரிக் செத்துப் போனான்.

இதில் லிடிட்ஸே எங்கே வந்தது? அதுதான் கொடுமை. எங்கேயும் வரவில்லை. ஸ்லானி என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்ணுக்கு வந்த ஒரு காதல் கடிதம் முதலாளி கையில் சிக்கியது. ஏற்கனவே கல்யாணமான ஆள், காதலியைக் கழற்றிவிடுவதற்காக என்னமோ ரகசிய வேலையில் இருப்பவன் மாதிரி பந்தாவாக எழுதிய கடிதம். முதலாளி போலீசுக்குச் சொல்ல, விசாரணையில் லிடிட்ஸேயின் ஹொராக் குடும்பத்துப் பேர் வந்தது. அந்த வீட்டுப் பையனும் ஸ்ட்ரீப்ர்னி என்ற இன்னொரு வீட்டுப் பையனும் இங்கிலாந்து போய் விமானப் படையில் சேர்ந்திருந்தார்கள். கெஸ்டபோ ஊரைச் சோதனை போட்டது. ஒண்ணும் கிடைக்கல. ஆனாலும் பழி வாங்க அவங்களுக்கு ஒரு ஊர் வேணும். இந்த ஊர்ப் பேர் கைவசம் இருந்தது.

ஜூன் 9, பெர்லினில் ஹைட்ரிக்கின் இறுதிச் சடங்கு. அன்னிக்கே ஹிட்லரின் உத்தரவு பிராகுக்கு வந்தது. நம்ம ஆபீஸ் ரிக்வயர்மெண்ட் டாக்குமெண்ட் மாதிரி நாலு பாயிண்ட். ஆண்களைச் சுட வேண்டும். பெண்களை வதை முகாமுக்கு அனுப்ப வேண்டும். ஜெர்மானியராக வளர்க்கத் தோதான குழந்தைகளைப் பிரித்து ஜெர்மன் குடும்பங்களுக்குக் கொடுக்க வேண்டும். ஊரைக் கொளுத்தித் தரைமட்டமாக்க வேண்டும். இதைப் படிச்சப்போ எனக்குப் பயமா இருந்தது அந்த ஒழுங்குதான். கோபத்தில் வெறி பிடிச்சுச் செஞ்சதில்லை. உக்காந்து யோசிச்சு வரிசை போட்டுச் செஞ்சிருக்காங்க.

ராத்திரியோடு ராத்திரியாக ஊரைச் சுற்றி வளைத்தார்கள். ஜூன் 10 காலை. ஆண்களை ஹொராக் பண்ணைக்குக் கூட்டிப் போனார்கள். சுவரில் பட்டு குண்டு திரும்பி வரக்கூடாதென்று வீடுகளில் இருந்த மெத்தைகளை எடுத்து வந்து கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். முதலில் ஐந்தைந்து பேராக, அப்புறம் பத்துப் பத்துப் பேராக. மொத்தம் 173 பேர். யோசெஃப் ஷ்டெம்பெர்கா என்ற 73 வயசுப் பாதிரியாரும் அதில் ஒருவர். நைட் ஷிப்ட் போயிருந்ததால் அன்னிக்கு ஊரில் இல்லாதவர்களைக்கூட விடவில்லை. பிடித்து வந்து பிறகு சுட்டார்கள்.

பெண்களையும் குழந்தைகளையும் கிளாட்னோ பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் மூணு நாள் வைத்திருந்தார்கள். பிறகு குழந்தைகளைப் பிரித்தார்கள். அம்மாக்கள் ராவென்ஸ்ப்ரூக் முகாமுக்கு, குழந்தைகள் போலந்தில் லோட்ஸ் நகரத்துக்கு. அங்கிருந்து சில குழந்தைகள் சொந்தக்காரர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். மாத்துத் துணி வேணும், சாப்பிட ஏதாவது வேணும்னு. அதில் 82 பேரை ஹெல்ம்னோ முகாமில் விஷவாயு லாரிகளில் ஏற்றிக் கொன்றார்கள். அம்மாக்களுக்கு அது தெரியாது. போர் முடியும் வரை, பிள்ளைங்க எங்கேயோ உயிரோடு இருக்காங்க என்ற நம்பிக்கையில்தான் அந்த முகாமில் இருந்தார்கள்.

இதோடு நிக்கல. அடுத்து ஊரையே அழிக்கிற வேலை. வீடுகளைக் கொளுத்தி, மிச்சச் சுவர்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். சர்ச்சை வெடி வைத்து இடித்தார்கள். கல்லறைத் தோட்டத்தைத் தோண்டினார்கள். மரங்களை வெட்டினார்கள். குளத்தை மண் போட்டு மூடினார்கள். ஓடையின் போக்கைக்கூட மாத்தினார்கள். யோசிச்சுப் பாருங்க, ஒரு ஓடை என்ன தப்பு பண்ணுச்சு? ஆனா அவர்கள் கணக்கில் அது சரி. ஓடை இருந்தால் 'இங்கே ஒரு ஊர் இருந்தது'ன்னு அடையாளம் சொல்லிடுமே.

அந்த வருஷக் கடைசியில் இதைக் கண்ணால் பார்த்த ஒரு ஆள் உண்டு. பேர் ஃப்ரான்டிஷெக் சைட்ல். குடும்பச் சண்டையில் சொந்த மகன் சாகக் காரணமாகி ஜெயிலுக்குப் போனவர். அதனாலேயே உயிர் தப்பிய லிடிட்ஸே ஆண். 1942 டிசம்பரில் விடுதலையாகி ஊருக்கு நடந்து வருகிறார். ஜெயிலில் யாரும் அவருக்கு எதுவும் சொல்லவில்லை. மேடு ஏறிப் பார்த்தால் ஊர் இல்லை. வீடு இல்லை, சர்ச் கோபுரம் இல்லை. வெள்ளையாகப் பனி மட்டும். தன்னையும் சுடச் சொல்லி அவர் அதிகாரிகளிடம் போய் நின்றதாகவும், அவர்கள் சிரித்துவிட்டு அனுப்பிவிட்டதாகவும் சொல்கிறார்கள். நான் பஸ்ஸை விட்டு இறங்கி அந்த மேட்டில் நின்றபோது இவர் ஞாபகம்தான் வந்தது. எனக்குக் கீழே தெரிந்ததும் வெறும் புல்வெளிதான்.

சாப்ட்வேர்காரன் புத்தி, எதைப் பாத்தாலும் அப்படித்தான் ஓடுது. ஒரு ஃபைலை டெலீட் பண்ணணும்னா சத்தமில்லாம பண்ணணும். இவங்க பண்ணினதை லாக் எழுதி ஊருக்கே மெயில் போட்ட மாதிரி, ரேடியோவில் தாங்களே அறிவித்தார்கள். ஆண்களைச் சுட்டாச்சு, ஊரை இடிச்சாச்சு, அதன் பேரையும் அழிச்சாச்சுன்னு. எல்லோரும் பயப்படணும் என்பது திட்டம். போதாததற்கு இடிப்பதைப் படமும் பிடித்து வைத்தார்கள். அந்தப் படம் பிறகு நியூரம்பர்க் விசாரணையில் அவர்களுக்கு எதிராகவே சாட்சியானது.

அறிவிப்பு வந்த அடுத்த மாசமே அமெரிக்காவின் இல்லினாய்ஸில் ஒரு குடியிருப்புக்கு லிடிட்ஸே என்று பேர் வைத்தார்கள். மெக்சிகோ, பிரேசில், வெனிசுவேலா, பனாமா என்று பல நாடுகளில் ஊர்களுக்கும் தெருக்களுக்கும் அந்தப் பேர். லத்தீன் அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்குக்கூட வைத்தார்கள். இங்கிலாந்தில் ஸ்டோக் நகரத்தில் பார்னெட் ஸ்ட்ராஸ் என்ற டாக்டர், 'லிடிட்ஸே வாழும்' என்று ஒரு இயக்கத்தை 1942 செப்டம்பரில் ஆரம்பித்தார். சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் இருந்து காசு போட்டார்கள். பார்த்தே இராத ஒரு ஊரின் சுரங்கத் தொழிலாளிகளுக்காக!

ஆனா இதை மட்டும் சொல்லி 'அழிக்க நினைச்சவன் தோத்தான், சுபம்'னு முடிக்க எனக்கு மனசு வரல. பேர் பிழைச்சது உண்மை. ஊர்?

கொல்லப்பட்டவர்கள் மொத்தம் 340 பேர். 192 ஆண்கள், 60 பெண்கள், 88 குழந்தைகள். போருக்குப் பிறகு 143 பெண்கள் திரும்பி வந்தார்கள். குழந்தைகளில் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது 17 பேரை. அதில் ஜெர்மன் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்குச் செக் மொழியே மறந்து போயிருந்தது. மரியா டோலெஜாலோவா என்ற பெண் திரும்பி வந்தபோது, சாகக் கிடந்த அம்மாவோடு பேசவே மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். 1947இல் நியூரம்பர்க்கில் நடந்த வழக்கில் அந்தப் பெண் சாட்சி சொன்னாள். அப்போது வயசு பதினஞ்சு.

இன்னொன்றும் சொல்லணும். நாஜிகள் கொளுத்திய ஊர் இது ஒன்று மட்டுமில்லை. ரெண்டு வாரம் கழித்து, ஜூன் 24 அன்று, லெஜாகி என்ற இன்னும் சின்ன செக் கிராமத்தை அழித்தார்கள். 1944இல் அதே ஜூன் 10 அன்று ஃப்ரான்சில் ஒராதூர் கிராமத்தில் 600க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். அங்கே இடிபாடுகளை அப்படியே வைத்திருக்கிறார்கள், லிடிட்ஸேயில் வைக்க இடிபாடுகூட மிச்சமில்லை. பெலாரஸில் மக்களோடு சேர்த்துக் கொளுத்தப்பட்ட கிராமங்கள் நூற்றுக்கணக்கில். அவற்றில் எத்தனை பேர் நமக்குத் தெரியும்? லிடிட்ஸே தெரிந்ததற்குக் காரணம் கொன்றவனே மைக் பிடிச்சுச் சொன்னதுதான். சொல்லாமல் அழிச்ச ஊர்கள்தான் அதிகம் என்பதை யோசிச்சா, திரும்பி வர்ற பஸ்ஸில் மனசு கனத்துப் போச்சு.

புது லிடிட்ஸேக்கு 1947இல் அடிக்கல் நாட்டினார்கள். பழைய ஊர் இருந்த இடத்தில் கட்டவில்லை. சில நூறு மீட்டர் தள்ளி மேட்டில் கட்டினார்கள். ரெண்டுக்கும் நடுவே 1955இல் ரோஜாத் தோட்டம். அந்த ஸ்ட்ராஸ் டாக்டர் முயற்சியில் பல நாடுகள் செடி அனுப்பின. கீழே பண்ணையின் அஸ்திவாரம், சர்ச்சின் அஸ்திவாரம், ஆண்களைப் புதைத்த இடம். எப்படியோ தப்பிப் பிழைத்த ஒரு பேரிக்காய் மரம். அப்புறம், 82 குழந்தைகளின் சிலை. மரியா உஹிட்டிலோவா என்ற சிற்பி 1969இல் ஆரம்பித்து, 1989இல் சாகும் வரை செய்தது. வெண்கலத்தில் வார்க்கும் வேலையை அவர் கணவர் தொடர்ந்து 2000இல் முடித்தார். 42 பெண் குழந்தைகள், 40 ஆண் குழந்தைகள். சின்னதும் பெருசுமா, பள்ளிக்கூட போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறாங்க. காலடியில் யாரோ பொம்மை வைத்திருந்தார்கள். நான் போட்டோ எடுக்கல. அந்தக் குழந்தைகள் நினைவாக 1967இல் இருந்து லிடிட்ஸேயில் சிறுவர் ஓவியக் கண்காட்சி நடத்துகிறார்கள். நம்ம ஊர்ப் பசங்களும் படம் அனுப்புறாங்கன்னு தெரிஞ்சப்போ ஒரு சின்ன சந்தோஷம்.

ரூமுக்கு வந்ததும் மேப்பைத் திறந்து பாத்தேன். லிடிட்ஸே இருக்கு. ஆனா பேர் எழுதியிருக்கிறது மேட்டில் இருக்கும் புது வீடுகள் மேல. பழைய ஊர் இருந்த இடம் வெறும் பச்சை. திரும்பி வந்த அந்த 143 பேரில் பலர் அந்த மேட்டு வீடுகளில்தான் மிச்சக் காலத்தை ஓட்டினார்கள். தினமும் வாசலுக்கு வந்தா எதிரே அந்தப் பச்சைதான்.

பிராக் பக்கம் போறவங்க அரை நாள் ஒதுக்கிப் போய்ட்டு வாங்க. கிராமத்தைப் பாக்க முடியாது. அதைப் பாக்கத்தான் போகணும்.